அளவு நாளுக்கு முந்தைய நாள்

தமயந்திக்கு மருத்துவர் மண் எழுதிக் கொடுத்தார். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், சாப்பாட்டுக்கு முன். கையுறை போடக் கூடாது. நகக்கண்ணில் அழுக்கு சேர்ந்தால் அன்று முழுவதும் கழுவக் கூடாது. சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்த அவளுடைய அம்மா மரகதம், எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அதைக் காட்டி அழுதாள். பாதி அழுகை மகளுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று. மீதி, மண் கிடைத்துவிட்டதே என்று. ஊரிலேயே நாற்பது பேருக்குத்தான் அந்த மருந்து கிடைக்கும்.

காலிஸ்டோவில் மண் என்பது அவ்வளவு பெரிய விஷயம். வியாழனைச் சுற்றும் அந்த நிலவில், பனிக்கட்டிக்கு அடியில் குடைந்து கட்டிய நான்காம் குழி என்ற ஊரில் பதினோராயிரம் பேர் இருந்தார்கள். அவர்களுடைய முன்னோர் கோவை, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு ஒப்பந்தம் போட்டு வந்தவர்கள். ஒப்பந்தம் முடிந்தது, ஊருக்குத் திரும்பும் ஆசையும் ஒருவழியாக முடிந்தது, பேச்சு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. பனியை உருக்கித் தண்ணீர் எடுத்தார்கள், தண்ணீரைப் பிரித்துக் காற்று எடுத்தார்கள். சாப்பாடு பெரிய எஃகுக் கலன்களில் பசையாக விளைந்தது. காலையில் அதற்கு இட்லியின் சுவை ஏற்றுவார்கள், மதியம் புளிக்குழம்பின் சுவை. வயிறு நிறைந்தது. பிள்ளைகளுக்குத்தான் என்னவோ ஒன்று நிறையவில்லை.

அது எவ்வளவு நிறையவில்லை என்பதைக் கண்டுபிடிக்கக் கருவி வைத்திருந்தார்கள். பிறந்த பத்தாம் நாள் ஒவ்வொரு குழந்தைக்கும் காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், அரிசி அளவில் ஒரு நலமானியைப் பதித்துவிடுவார்கள். ரத்தத்தில் ஓடும் பதற்றச் சுரப்புகள், இதயத் துடிப்பின் சீர், உறக்கத்தின் ஆழம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து அது ஒரே ஓர் எண்ணைச் சொல்லும். பூஜ்யத்திலிருந்து நூறு வரை. காலையில் எழுந்ததும் அம்மாக்கள் பிள்ளையின் காதுக்குப் பின்னால் விரலை வைப்பார்கள். அவர்கள் மணிக்கட்டுப் பட்டையில் நல எண் ஒளிரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த ஊரில் அடுப்பு, பல் துலக்கல் எல்லாம்.

தமயந்திக்குப் பதினேழு வயது, எண் முப்பத்தெட்டு. ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. யாரும் அவளைத் திட்டவில்லை. எழுந்தால், எதற்கு எழுந்தோம் என்று இருந்தது. அவ்வளவுதான்.

மண்ணகம் ஊரின் நடுவில் கண்ணாடிச் சுவர்களுக்குள் இருந்தது. முதல் தலைமுறைக்காரர்கள் பாறையைப் பொடித்து, தங்கள் கழிவையே மக்கவைத்துக் கலந்து, பூமியிலிருந்து வந்த மண்புழுக்களை விட்டு, முப்பது வருடம் காத்திருந்து உண்டாக்கிய மண் அது. நாற்பது பாத்திக்குத்தான் தேறியது. ஊருக்குச் சோறு போட அது காணாது. ஆனால் அதில் வேலை செய்கிறவர்களின் எண் மளமளவென்று ஏறுவதைக் கவனித்தார்கள்; உடனே அதை மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பதின்மூன்றிலிருந்து இருபது வயதுக்குள், எண் நாற்பத்தைந்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு பாத்தி. எண் குறையக் குறைய முன்னுரிமை. விளைவது யாருடைய பாத்தியில் என்றாலும் சனிக்கிழமை ஒரே பானையில் விழும். எல்லோரும் சேர்ந்து சமைத்து, சேர்ந்து சாப்பிட வேண்டும். அதுவும் மருந்துதான்.

தமயந்திக்குப் பதினேழாம் பாத்தி கிடைத்தது. அதில் ஓர் அவரை விதையை ஊன்றினாள். முதல் நாள் ஒரு மண்புழு அவள் உள்ளங்கையைக் குறுக்கே கடந்து போக எடுத்துக்கொண்ட ஐந்து நிமிடமும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் வாரம் விதை மண்ணை முட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, அதைப் பார்க்க யாரையாவது கூப்பிட வேண்டும்போல் இருந்தது. அப்படி ஓர் எண்ணம் அவளுக்கு வந்து வருடக்கணக்காகிவிட்டது. பூமியின் எட்டில் ஒரு பங்குதான் அங்கே ஈர்ப்பு என்பதால் அவரைக்கொடி சொன்ன பேச்சு கேட்காமல் உயரத்துக்குப் போனது. அவள் சந்தோஷமாக இருந்தாள். எண் ஐம்பதைத் தாண்டியது.

பக்கத்துப் பாத்தியில் குழந்தைவேலு என்ற பதினாறு வயதுப் பையன் வெண்டை போட்டிருந்தான். அவனுடைய அம்மா பக்கத்து நிலவான கானிமீட்டின் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடமாகிறது. வந்த புதிதில் யாரோடும் பேசாதவன், இப்போது சனிக்கிழமைச் சமையலில் உப்பு போதாது என்று வாராவாரம் குறை சொல்கிற அளவுக்குத் தேறியிருந்தான். அப்படித் தேறியதுதான் அவனுக்கு வினையாயிற்று.

வாரத்தில் வெள்ளிக்கிழமை அளவு நாள். மண்ணகத்தின் மருத்துவர் கோசலை ஒவ்வொருவராக அழைத்து, முந்தைய முழு நாளின் சராசரி எண்ணைக் குறித்துக்கொள்வார். தொடர்ந்து மூன்று வாரம் அறுபதுக்கு மேல் வந்தால் குணமாகிவிட்டதாகப் பொருள். வேலுவுக்கு அறுபத்தொன்று, அறுபத்திரண்டு, அறுபத்துநான்கு என்று வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள், கண்ணாடிக் கதவு அவனுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. அவனுடைய வெண்டை அன்றைக்குத்தான் மொட்டு விட்டிருந்தது. அடுத்து வந்த பையனுக்குக் கீரை பிடிக்கும்; அவன் வெண்டையைப் பிடுங்கிவிட்டுக் கீரை விதைத்தான். வேலு வெளியிலிருந்து கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தான். மூன்றே வாரத்தில் அவனுடைய எண் நாற்பத்தொன்றுக்கு இறங்கியது. மறுபடி உள்ளே வரலாமென்றால், முப்பதும் முப்பத்திரண்டும் வைத்துக்கொண்டு அறுநூறு பேர் அவனுக்கு முன்னால் நின்றார்கள்.

தமயந்தி கோசலையிடம் போய்க் கேட்டாள். கோசலை நல்லவர். பிள்ளைகளோடு சேர்ந்து மண் கொத்துகிறவர். ஆனால் விதி என்று வந்துவிட்டால் ஓர் அங்குலம் நகரமாட்டார்.

"குணமானவங்களுக்கு எதுக்குக் கண்ணு மருந்து? வெளிய அறுநூறு பேரு நிக்கறாங்க. அவிங்களும் புள்ளைங்கதான?"

"வேலு குணமானது மண்ணுலதானுங்க டாக்டர். மண்ணை எடுத்துப்போட்டா அவன் எதுல நிப்பான்?"

கோசலை குறிப்பேட்டைப் புரட்டி, தமயந்தியின் எண் ஐம்பத்தேழு ஆகிவிட்டதென்றும் கூடிய சீக்கிரம் அவளும் குணமாகிவிடுவாள் என்றும் சந்தோஷமாகச் சொன்னார்.

தமயந்தி நாள் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். அவரைக்கொடி மார்கழியில்தான் பூக்கும். பூமியின் மாதக் கணக்குப்படி மண்ணகத்தின் விளக்குகளை அப்போதுதான் சீக்கிரம் அணைப்பார்கள். இரவு நீண்டால்தான் அவரைக்குப் பூக்கத் தோன்றும். தையில் காய்க்கும். இப்போது ஐப்பசி. இந்தக் கொடியில் ஒரு காயாவது பறிக்காமல் இங்கிருந்து வெளியே போவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தாள். அவளுடைய வாழ்க்கையில் அவள் எடுத்த முதல் முடிவு அது. அதை நிறைவேற்ற வேண்டுமானால் அவள் குணமாகாமல் இருக்க வேண்டும்.

அது அவ்வளவு சுலபமாக இல்லை. உறங்காமல் இருந்து பார்த்தாள். மறுநாள் பாத்தியோரம் சாய்ந்து அருமையாக உறங்கிவிட்டாள். தொடையில் கிள்ளிக்கொண்டு பார்த்தாள். நலமானிக்கு வலி வேறு, வருத்தம் வேறு என்று தெரிந்திருந்தது. செத்துப்போனவர்களை நினைத்துப் பார்த்தாள். கொடியின் நுனி காற்றில் ஆடுவதைக் கண்டதும் நினைப்பு கலைந்தது. எண் ஐம்பத்தொன்பது ஆயிற்று.

கடைசியில் பழங்கோப்பகத்துக்குப் போனாள். பூமியின் பழைய படங்களையும் எழுத்துகளையும் வைத்திருக்கும் இயந்திரம் அது. வயிற்றுக்குச் சோறு இருந்தும், போர் எதுவும் இல்லாமலும், பிள்ளைகளின் மனம் வாடியிருந்த இடம் ஏதாவது இருந்தால் காட்டு என்று கேட்டாள். இயந்திரம் கொஞ்சமும் யோசிக்கவில்லை. ஒரு நீளமான கூடத்தின் படத்தைக் காட்டியது. வெள்ளை விளக்குகள். மூடிய ஜன்னல்கள். அவள் வயதுப் பிள்ளைகள் தோளோடு தோள் இடிக்க பெஞ்சுகளில் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் ஒரு பெரிய பலகை, அதில் ஒன்றிலிருந்து முந்நூறு வரை பெயர்கள். வாராவாரம் தேர்வு வைத்து அந்தப் பலகையை மாற்றி எழுதுவார்கள் என்றது இயந்திரம்.

தமயந்தி அசந்துபோனாள். பழைய மனிதர்கள் என்ன கெட்டிக்காரர்கள்! அடி இல்லை, பட்டினி இல்லை, ஒரு பலகை மட்டும். நம்மைப் போலவே அவர்களும் மண்ணகத்தில் இடம் பிடிக்கத்தான் எண்ணைக் குறைத்திருக்கிறார்கள் என்று அவளாகவே புரிந்துகொண்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. வேறு எதற்காகவும் ஒருவர் இப்படிச் செய்வார் என்று அந்த ஊரில் பிறந்த யாருக்கும் தோன்றாது. அதனால் மேற்கொண்டு எதையும் கேட்காமல் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை கோசலை வருவதற்கு முன்பே மற்ற முப்பத்தொன்பது பேரையும் கூட்டி விஷயத்தைச் சொன்னாள். எல்லோருக்குமே பாத்தியை விட்டுப்போக மனமில்லை. சிரித்துக்கொண்டு சம்மதித்தார்கள். ஒரு நாள் விளையாட்டுத்தானே, அளவு முடிந்ததும் பலகையைத் தூக்கி எறிந்துவிடலாம். ஒரு நூலை எடுத்துக்கொண்டு நாற்பது பாத்திச் செடிகளின் உயரத்தையும் அளந்து, ஒன்றிலிருந்து நாற்பது வரை பெயர்களை எழுதி, கருவிகள் வைக்கும் அறைக்குள் மாட்டினாள்.

மதியத்துக்குள் சிரிப்பு நின்றுவிட்டது. நாற்பதாம் இடத்தில் இருந்த பெண் முள்ளங்கி போட்டிருந்தாள். முள்ளங்கி உயரமாக வளராது என்று அவளுக்கும் தெரியும், பலகையை எழுதிய தமயந்திக்கும் தெரியும், முள்ளங்கிக்கும் தெரியும். ஆனாலும் அவள் மூலையில் உட்கார்ந்து அழுதாள். முதலிடம் பெற்றவன் புடலை போட்டிருந்தான். அவன் மாலைக்குள் ஆறு முறை இரண்டாம் இடத்துக்காரனின் பாத்திப் பக்கம் போய்வந்தான். தமயந்தி மூன்றாவது. தனக்குக் கீழே இருந்த முப்பத்தேழு பேரில் ஒருவரும் அவள் கண்ணில் படவில்லை. மேலே இருந்த இருவர் மட்டும் பட்டார்கள். வெள்ளிக்கிழமை அவளுடைய எண் நாற்பத்துநான்கு. நாற்பது பேருக்கும் சராசரியாகப் பதின்மூன்று இறங்கியிருந்தது. கோசலை விளக்குகளில் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பழுதுபார்க்க ஆள் அனுப்பினார்.

யாரும் வெளியே போக வேண்டியிருக்கவில்லை. திட்டம் பலித்தது. பலகையை மட்டும் தூக்கி எறிய முடியவில்லை. சனிக்கிழமை தமயந்தி அதைக் கழற்றினாள். ஞாயிற்றுக்கிழமை யாரோ மறுபடி மாட்டியிருந்தார்கள். எழுத மறந்த நாளில் இப்போது யார் எத்தனாவது என்று அவளிடமே வந்து கேட்டார்கள். மழுப்பினால் கோபித்துக்கொண்டார்கள். புடலையின் கொழுந்தை யாரோ கிள்ளிவிட்டிருந்தார்கள். சனிக்கிழமைப் பானையில் காய் விழுவது குறைந்தது. ஆளாளுக்குத் தன் பாத்தியோரம் உட்கார்ந்து, தான் விளைத்ததைத் தானே வேகவைத்துத் தின்றுகொண்டார்கள். இப்போது எண் குறைந்திருக்க யாரும் பாடுபட வேண்டியிருக்கவில்லை.

மார்கழியில் ஒரு காலை தமயந்தி நூலை எடுத்துக்கொண்டு இரண்டாம் இடத்துக்காரனின் கொடியை அளந்துகொண்டிருந்தாள். யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். வெளியே வேலு. அவன் எப்போதும் அந்த நேரத்துக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் போவான். கழிவு வாளிகள் போய்வரும் சின்னத் திறப்பின் அருகே வாயை வைத்து அவன் சொன்னான்.

"பூத்துருச்சு தமயந்தி. நேத்தே பூத்துருச்சு. நீ பாக்கவே இல்ல."

அவள் திரும்பித் தன் கொடியைப் பார்த்தாள். நாலைந்து இடத்தில் ஊதா நிறத்தில் கொத்துக்கொத்தாகப் பூத்திருந்தது. இதற்காகத்தானே எல்லாம் என்று நினைத்துப் பார்த்தாள். அந்த நினைப்புக்கு உள்ளே ஒன்றுமே அசையவில்லை. கை தானாக நூலைப் பூவிலிருந்து தரைவரை பிடித்து அளந்தது. அளந்த பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்பது உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

தையில் காய் பறித்தாள். தண்ணீரில் வேகவைத்துத் தின்றுபார்த்தாள். கலனில் விளையும் பசைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. கிண்ணத்தைத் திறப்பின் வழியாக வேலுவிடம் நீட்டினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு காயாக மென்றான். முழுக் கிண்ணத்தையும் காலிசெய்துவிட்டு, உப்பு போதாது என்றான். அவள் மூன்று மாதத்துக்குப் பிறகு சிரித்தாள். மிச்சக் காய்களை விதைக்காகக் கொடியிலேயே முற்றவிட்டாள். அவை காய்ந்து சலசலக்கத் தொடங்கிய அன்று பலகையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நேரே கோசலையிடம் போனாள்.

எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். கோசலை பலகையை வாங்கி, ஒன்றிலிருந்து நாற்பது வரை பெயர்களைப் படித்தார். ஏமாற்றியதற்காகத் தமயந்தி பாத்தியை இழக்க வேண்டும், அது விதி. விதைகளை எடுத்துப்போகலாம், அதற்கு எதிராக விதி எதுவும் இல்லை. நூற்றுப்பன்னிரண்டு விதைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு அவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்தாள். கோசலை அன்றே உட்கார்ந்து ஊர் நலக்குழுவுக்கு ஓர் அறிக்கை எழுதினார்: "தரவரிசைப் பலகையை மாட்டினால் இளைஞர்களின் நல எண் ஒரே நாளில் பதின்மூன்று இறங்குகிறது. இதை மிகுந்த கவனத்துடன் கருத்தில் கொள்ள வேண்டும்."

ஊர் மிகுந்த கவனத்துடன் கருத்தில் கொண்டது. அறுநூறு பிள்ளைகளின் பெற்றோர் அந்த அறிக்கையைப் படித்தார்கள். தங்கள் பிள்ளைக்கு நாற்பத்திரண்டாக இருந்தால் மண் கிடைக்காது, இருபத்தொன்பதாக இருந்தால் கிடைக்கும் என்று இத்தனை நாள் தெரிந்திருந்தது. நாற்பத்திரண்டை இருபத்தொன்பதாக்குவது எப்படி என்று இப்போதுதான் தெரிந்தது. மாசி முடிவதற்குள் மூன்றாம் தளத்தில் நலப் பயிற்சிக் கூடம் திறந்தாயிற்று. பழங்கோப்பகத்துப் படத்தைப் பார்த்து அச்சு அசலாகக் கட்டியிருந்தார்கள்: பெஞ்சுகள், வெள்ளை விளக்குகள், பலகை. ஜன்னல் எப்படியும் அந்த ஊரில் கிடையாது. அதனால் மூடிய ஜன்னல்களைச் சுவரில் வரைந்துவைத்தார்கள். வாசலில் தமயந்தியின் பெரிய படம், கீழே 'முறையைக் கண்டறிந்தவர்' என்ற வாசகம். முதல் மாதம் எல்லோரிலும் குறைந்த எண் வாங்கி முதலிடம் பெற்ற ஒரு பெண், முதலிடம் வந்த சந்தோஷத்தில் எண் அறுபத்துமூன்றுக்குத் தாவி, கைக்கு வந்த பாத்தியை இழந்தாள். அதற்குப் பிறகு முடிவுகளை அறிவிக்காமல் பிள்ளைகளைக் காக்கவைப்பது என்று ஏற்பாடாயிற்று. அது இன்னும் நன்றாக வேலை செய்தது.

பங்குனியில் மரகதம் தன் மகன் பூபதியை அங்கே சேர்த்தாள். பூபதிக்குப் பதின்மூன்று வயது. ஒரு மருந்தும் தேவைப்படாத பிள்ளை. எண் எழுபத்திரண்டு. கலன் பசையைத் தட்டில் யானையாகப் பிடித்துத் தும்பிக்கையிலிருந்து தின்னத் தொடங்குகிறவன். தமயந்தி அம்மாவோடு சண்டைக்குப் போனாள்.

"அவனுக்கு என்னம்மா குறைச்சல்? நல்லாத்தான இருக்கறான்?"

"நீ எப்புடி இருந்தே, மண்ணுக்குள்ள போயி எப்புடி ஆனேன்னு என்ற கண்ணால பாத்தவ நானு," என்றாள் மரகதம். "உனக்குக் கெடைச்சது அவனுக்கும் கெடைக்கோணுமா இல்லியா?"

அதில் பிழை கண்டுபிடிக்கத் தமயந்தியால் முடியவில்லை. அம்மா சொன்னதில் பாசத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஒன்றரை மாதத்தில் பூபதி யானை பிடிப்பதை நிறுத்தினான். எண் நாற்பத்தேழுக்கு வந்திருந்தது. இன்னும் மூன்று இறங்கினால் பட்டியலில் பெயர் ஏறிவிடும் என்று மரகதம் தினமும் அவன் காதுக்குப் பின்னால் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தமயந்தி மறுபடி பழங்கோப்பகத்துக்குப் போனாள். முதல் முறை கேட்காமல் விட்டதை இந்த முறை கேட்டாள். எண் குறைந்த அந்தப் பிள்ளைகளுக்குக் கடைசியில் எந்த மண்ணகத்தில் இடம் கிடைத்தது?

"அப்படி ஒரு மண்ணகம் பதிவுகளில் இல்லை," என்றது இயந்திரம்.

"அப்புறம் எதுக்கு அவிங்களை அங்க உக்கார வெச்சாங்க? யாரு உக்கார வெச்சது?"

"பெற்றோர். பிள்ளைகள் பிற்காலத்தில் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக."

தமயந்தி அந்தக் கூடத்தின் படத்தை மறுபடி காட்டச் சொன்னாள். பிறகு, அந்த மூடிய ஜன்னலுக்கு வெளியே என்ன இருந்தது என்று கேட்டாள். இயந்திரம் அதே கட்டடத்தை வெளியிலிருந்து எடுத்த படத்தைக் காட்டியது. கட்டடத்தைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மண். ஒரு வேப்பமரம். மழை பெய்துகொண்டிருந்தது. ஒரு மனிதரும் இல்லை.

"அதுல எறங்கிப் போக யாருகிட்டச் சீட்டு வாங்கோணும்?"

"யாரிடமும் இல்லை," என்றது இயந்திரம்.

அவள் வீட்டுக்கு வந்து விதைப் பையை எடுத்தாள். முதலில் இந்தப் பலகைப் பேயைக் கொண்டுவந்தது தான்தான், போக்குவதும் தன் வேலைதான் என்று பட்டது. பயிற்சிக் கூடத்தில் வந்து பேசும்படி அவளுக்கு நாலைந்து முறை அழைப்பு வந்திருந்தது. வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். நூற்றுப்பன்னிரண்டு விதைகளையும் ஊறவைத்தாள். ஒரு பெரிய தட்டில் ஈரத்துணியை விரித்து, மொத்தத்தையும் கொட்டி மூடி, நாலு நாள் தண்ணீர் தெளித்தாள்.

வியாழக்கிழமை அந்தத் தட்டோடு கூடத்துக்குப் போனாள். நூறு பிள்ளைகள் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் பெஞ்சில் பூபதி. பின்பக்கம் ஒரு கண்ணாடித் தடுப்பு, அதற்கு அப்பால் பெற்றோர்கள் மணிக்கட்டுப் பட்டையில் கண் வைத்துக் காத்திருந்தார்கள். அந்தக் கூடத்துக்குள் தங்கள் பிள்ளையின் எண் அவர்களுக்கு நொடிக்கு நொடி தெரியும்படி ஏற்பாடு. தமயந்தி பேச்சு எதுவும் பேசவில்லை. தட்டை முதல் பெஞ்சில் வைத்துத் துணியை விலக்கினாள். விதைகள் தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக வால் விட்டிருந்தன.

கலனில் விளைவதைத் தவிர வேறு எதையும் தொட்டறியாத பிள்ளைகள். கொஞ்ச நேரம் யாரும் கிட்டே வரவில்லை. பிறகு ஒருவன் எட்டிப் பார்த்துக் கேட்டான்.

"அக்கா, இதுல எது மொதலு?"

"தெரியாது," என்றாள் தமயந்தி. "எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிட்டேன். எழுதி வெக்கல."

அந்தப் பையன் திகைத்துப்போய்ப் பலகையைத் திரும்பிப் பார்த்தான். பலகை அவனுக்கு உதவவில்லை. வேறு வழியில்லாமல் விரலை நீட்டி ஒரு முளையைத் தொட்டான். அது வழுவழுப்பாக இருந்தது என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னான். அவளும் தொட்டாள். தட்டு பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போயிற்று. பூபதி ஒரு விதையை எடுத்தபோது அதன் தோல் கழன்று அவன் விரல் நுனியில் தொப்பிபோல் ஒட்டிக்கொண்டது. அவன் விரலை நிமிர்த்தி, அந்தத் தொப்பிக்காரனை எல்லோருக்கும் வணக்கம் வைக்கச் சொன்னான். பெஞ்சு முழுவதும் சிரித்தது. மற்ற பிள்ளைகளும் ஆளுக்கொரு தொப்பி தேடினார்கள். பலகையின் பக்கம் இப்போது யாருடைய கண்ணும் போகவில்லை. தமயந்திக்குத் தன் அவரை அன்றைக்குத்தான் காய்த்ததுபோல் இருந்தது.

அப்போது கண்ணாடித் தடுப்பு அதிர்ந்தது. பெற்றோர்கள் இரண்டு கையாலும் அதைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மணிக்கட்டுப் பட்டைகளில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. ஐம்பத்தொன்று, ஐம்பத்தெட்டு, அறுபத்துநான்கு. மூன்று மாத உழைப்பு கண்ணெதிரே வீணாகிறது என்று ஒரு தகப்பனார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நிறுத்தச் சொல்லி எல்லோரும் சைகை காட்டினார்கள். தமயந்தி நிறுத்தவில்லை. தட்டை அடுத்த பெஞ்சுக்கு நகர்த்தினாள்.

கதவைத் திறந்துகொண்டு முதலில் உள்ளே வந்தவள் மரகதம். மகளை அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நேரே மூன்றாம் பெஞ்சுக்குப் போய், பூபதியின் விரலில் இருந்த அவரைத் தோலைத் தன் முந்தானையால் பதமாகத் துடைத்தெடுத்தாள். அவன் தலையைக் கோதினாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"நாளைக்கு அளவு நாளாச்சே சாமி. இன்னைக்குப் போயி இப்புடிச் சிரிக்கலாமா?" என்றாள்.